பொம்மை ரயிலின் மின்பெட்டிக்கு ‘மின்மாற்றி’ என்ற பெயர் பொருந்துமா?

அன்புடைய நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய பொம்மை ரயிலுக்கு மின்சாரம் தரும் பெட்டியை ‘மின்மாற்றி’ (டிரான்ஸ்ஃபார்மர்) என்றே அழைக்கலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. அந்தச் சொல்லை நம்பிப் போனதால் சென்ற மாதம் எங்கள் வீட்டில் ஓர் எஞ்சின் கருகியிருக்கும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் சித்தப்பா பல ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த ஹார்ன்பி டப்லோ ரயில், டி.வி.எஸ். நகர் வீட்டுப் பரணில் கிடந்தது. லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் 1938-இல் விற்கத் தொடங்கிய வகை அது. நடுவிலும் ஒரு தண்டவாளம் உண்டு. ஓடுவதற்கு 12 வோல்ட் நேர்திசை மின்னோட்டம், அதாவது ஒரே திசையில் பாயும் ‘டீசி’ வேண்டும். அதனுடன் வந்த பெட்டி எங்கோ தொலைந்துவிட்டதால், கீழவாசல் பக்கம் காயில் (கம்பிச்சுருள்) கட்டும் கடையில் ‘12 வோல்ட் மின்மாற்றி’ என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவரும் கேட்டபடியே கட்டிக் கொடுத்தார். தண்டவாளத்தில் இணைத்ததும் எஞ்சின் அசையவில்லை. வண்டு முரல்வதுபோல் ஓர் இரைச்சல் மட்டும் வந்தது. அரை நிமிடத்தில் அதன் முதுகு சுட்டது. பழைய எண்ணெயும் வார்னிஷும் காய்ந்த வாடை எழவே, பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

நடந்தது இதுதான். மின்மாற்றி 230 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும். ஆனால் உள்ளே போகும் மாறுதிசை மின்னோட்டம் (ஏசி) மாறுதிசையாகவே வெளியே வரும். டப்லோ எஞ்சினின் மோட்டாரில் இருப்பது நிலைக்காந்தம். நொடிக்கு 50 சுழற்சியில் திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டம் அதனை முன்னும் பின்னும் உலுக்குமே தவிரச் சுழற்றாது. சுழலாத மோட்டாரின் சுருளில் ஏறுவதெல்லாம் சூடுதான். மறுநாள் கடைக்காரர், “ஸ்டெப்டவுன் கேட்டீங்க, கட்டிக் குடுத்தேன். டீசி வேணும்னு சொல்லவே இல்லையேண்ணே” என்றார். அவர் மீது ஒரு குறையும் இல்லை. மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் டையோடுகள் நான்கைப் பாலமாக இணைத்து, வெளிவருவதை நேர்திசையாக்கி அவர் தந்த பிறகு, அதே எஞ்சின் கூடத்தைச் சுற்றி வந்தது.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. ஜெர்மனியின் பழைய மார்க்ளின் ரயில்கள் 16 வோல்ட் வரையிலான மாறுதிசை மின்னோட்டத்தில் ஓடுபவை. சற்று உயர்ந்த மின்னழுத்தத்தை ஒரு கணம் செலுத்தினால் எஞ்சின் திசை மாற்றிக்கொள்ளும். அமெரிக்காவின் பழைய லயனல் ரயில்களும் மாறுதிசையில் ஓடுபவையே. அவற்றின் மின்பெட்டிகள் அந்நாட்டின் 120 வோல்ட்டுக்குக் கட்டப்பட்டவையாதலால், நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் எரிந்துபோகும். ஆகவே, வெளிவருவது எந்த வகை மின்னோட்டம் என்பதைச் சொல்லாத பெயர் இந்தப் பொருளுக்குப் பயன்படாது.

நண்பர் ஒருவர் முன்வைத்த ‘நேர்மின் வழங்கி’, ‘மாறுமின் வழங்கி’ என்ற இணையைப் பார்த்ததும் மகிழ்ந்தேன்; எழுதிப் பார்த்தபோது இரண்டும் இடறின. நேர்மின் சுமை, நேர்மின்வாய் என்று படித்து வளர்ந்த மாணவர், ‘நேர்மின்’ என்றதும் கூட்டல் குறியையே நினைப்பார். ‘மாறுமின்’ என்பதையோ, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வல்லது என்று பொருள்கொள்ள இடமுண்டு; பொம்மை ரயிலின் மின்பெட்டிகள் எல்லாமே கூட்டிக் குறைப்பவை என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். ‘மின்னூட்டி’யை நாம் ஏற்கெனவே சார்ஜருக்குக் கொடுத்துவிட்டோம்.

ஈழத்து வழக்கில் நேரோட்டம், ஆடலோட்டம் என்ற அழகான இணை இருக்கிறது. ஊஞ்சல்போல் போய் வருவதை ‘ஆடல்’ என்ற சொல் கண்முன் நிறுத்துகிறது. ‘மாறு’ என்பதில் உள்ள இரட்டைப் பொருள் இதில் இல்லை. எனவே ‘நேரோட்ட வழங்கி’, ‘ஆடலோட்ட வழங்கி’ என்ற இரண்டையும் முன்மொழிகிறேன். கணினித் துறையில் ‘வழங்கி’ என்பது சர்வரைக் குறிக்கும் என்ற மறுப்பு எழக்கூடும். முன்னே ‘ஓட்டம்’ நிற்கும்போது அந்த மயக்கம் நேராது என்றே கருதுகிறேன்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியோடு கூடிய முழுப் பெட்டிக்கு ‘ஓட்டுபெட்டி’ என்று வினைத்தொகையாக ஒரு பரிந்துரை வந்தது. இலக்கணப்படி சரியான சொல்தான். ஆனால் ஒரு ‘ப்’ மிகுந்தால் அது தேர்தலில் வாக்குப் போடும் பெட்டியாகிவிடும். பேச்சில் இரண்டையும் யார் பிரித்துக் கேட்பார்கள்? பிடிக்கு மட்டும் ‘வேகத்திருகி’ என்று பெயர் வைத்தால் போதும். சென்ற வாரம் அதே கடையில், “வேகத்திருகி வைத்த நேரோட்ட வழங்கி, 12 வோல்ட், ஓர் ஆம்பியர் தாங்க வேண்டும்” என்று எழுதிக் கொடுத்தேன். ‘நேரோட்டம்’ என்ற இடத்தில் விரலை வைத்து, “டீசிதானே?” என்று ஒரு முறை கேட்டார், திருகிக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

எஞ்சினை முன்னும் பின்னும் ஓடவைக்கும் சுவிட்சுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. ‘திசைமாற்றி’ என்பது மோட்டாருக்குள், சுருளில் பாயும் மின்னோட்டத்தின் திசையை மாற்றித் தரும் கம்யூட்டேட்டருக்கு நம் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. ஒரே எஞ்சினைப் பற்றிப் பேசும்போது இரண்டுக்கும் அதே பெயர் ஆகாது. ‘முன்பின் விசை’ என்று தற்காலிகமாக எழுதி வருகிறேன். இதனினும் பொருத்தமான சொல் உங்களிடம் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.