ஆறு கம்பி ஸ்டெப்பர் மோட்டாருக்கு எந்த டிரைவர் பொருந்தும்?

கேள்வி:

வணக்கம். மரப்பலகையில் எழுத்துச் செதுக்குவதற்காகச் சிறிய சிஎன்சி மேசை (கணினி கட்டளைப்படி நகரும் மேசை) ஒன்றைச் செய்துவருகிறேன். பழைய இயந்திரங்களைப் பிரித்து விற்கும் கடையில் நெமா 23 அளவுள்ள, அதாவது முகப்பு 57 மில்லிமீட்டர் சதுரமாக உள்ள, மூன்று ஸ்டெப்பர் மோட்டார்கள் (ஸ்டெப் எனும் சிறு படிகளாகச் சுழல்பவை) கிடைத்தன. ஒவ்வொன்றிலும் ஆறு கம்பிகள் உள்ளன. ஒட்டியுள்ள சீட்டில் 3.6 வோல்ட், 2 ஆம்பியர், 1.8 டிகிரி என்று இருக்கிறது. மோட்டாருக்கு மின்னோட்டத்தை அளந்து கொடுக்கும், கைவசம் இருந்த ஏ4988 டிரைவரையும் 12 வோல்ட் பவர் சப்ளையையும் இணைத்தேன். ஸ்குரூ ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும். நிமிடத்துக்கு 300 மில்லிமீட்டர் வரை ஒழுங்காக ஓடும் மோட்டார், 600ஐ நெருங்கும்போது கரகரவென்று இரைந்துவிட்டு நின்ற இடத்திலேயே அதிர்கிறது. டிரைவரோ விரல் வைக்க முடியாதபடி சுடுகிறது. 3.6 வோல்ட் மோட்டாருக்கு 12 வோல்ட் கொடுத்தது தவறா, அல்லது டிரைவர்தான் போதவில்லையா?

மறுமொழி 1:

12 வோல்ட் அதிகமன்று. உங்கள் வேலைக்கு அது குறைவு. சீட்டில் உள்ள 3.6 வோல்ட் என்பது 2 ஆம்பியரைச் சுருளின் மின்தடையால் பெருக்கி வரும் எண், அவ்வளவுதான். ஏ4988 போன்ற டிரைவர்கள் மின்னோட்டத்தை அளந்து, குறித்த அளவை எட்டியதும் துண்டித்துத் துண்டித்துக் கொடுப்பதால், சப்ளை எத்தனை வோல்ட்டாக இருந்தாலும் சுருளில் அளவு மீறாது. நான்கு கம்பிகளை மட்டும் ஏற்கும் டிரைவரில் ஆறு கம்பிகளை எப்படி இணைத்தீர்கள் என்பதையும், மல்டிமீட்டர் காட்டும் ஓம் அளவுகளையும் எழுதுங்கள். அவை தெரியாமல் டிரைவரின் பெயரைச் சொல்வது ஊகமாகத்தான் இருக்கும்.

கேள்வி கேட்டவர்:

இரு முனைகளுக்கு இடையே 3.6 ஓம், நடுக்கம்பிக்கும் ஒரு முனைக்கும் இடையே 1.8 ஓம். முனைகளை டிரைவரில் இணைத்து, நடுக்கம்பிகள் இரண்டையும் டேப் சுற்றி விட்டுவிட்டேன். மின்னோட்ட வரம்பைக் குறிக்கும் டிரைவரின் விரெஃப் மின்னழுத்தம் 0.8 வோல்ட், சிப்புக்கு அருகிலுள்ள சிறு மின்தடைகளின்மேல் ஆர்100 என்று அச்சிட்டிருக்கிறது.

மறுமொழி 2:

அப்படியானால் அந்த மின்தடை 0.1 ஓம். ஏ4988க்குரிய சூத்திரப்படி 0.8ஐ எட்டாலும் 0.1ஆலும் வகுத்தால் 1 ஆம்பியர் வருகிறது. ஏறக்குறைய அவ்வளவுதான் வெப்பத்தகடும் விசிறியும் இல்லாத ஏ4988 நிம்மதியாகத் தாங்கும். அதன் விவரத்தாளில் 2 ஆம்பியர் என்று இருப்பதைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள்.

ஆனால் சிக்கலின் வேர் உங்கள் இணைப்பில் இருக்கிறது. முனைக்கு முனை இணைத்தால் சுருள் முழுவதும் வேலை செய்யும். கம்பிச் சுற்றுகள் இரட்டிப்பாவதால், மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் இண்டக்டன்ஸ் நான்கு மடங்காகும். இவ்வகை மோட்டாரில் அரைச்சுருளுக்கு 2.5 மில்லிஹென்றி என்று வைத்துக்கொண்டால் முழுச்சுருளுக்கு 10. மின்தடையும் இரட்டிப்பாவதால், அதே வெப்பத்துக்குள் நிற்க 2 ஆம்பியரை 1.4 ஆகக் குறைக்க வேண்டும். நிமிடத்துக்கு 600 மில்லிமீட்டர் என்றால் நொடிக்கு 2 சுற்று, சுற்றுக்கு 200 வீதம் 400 முழு ஸ்டெப். ஒரு ஸ்டெப்புக்கு 2.5 மில்லிநொடி. 12 வோல்ட் 10 மில்லிஹென்றியில் மின்னோட்டத்தை மில்லிநொடிக்கு அதிகபட்சம் 1.2 ஆம்பியர்தான் ஏற்றும். மின்தடையும், சுழலும் மோட்டாரே உண்டாக்கும் எதிர் மின்னழுத்தமும் அதிலிருந்தும் பங்கு கேட்கும். அரைச்சுருளில் 36 வோல்ட் கொடுத்தால் அதே கணக்கு மில்லிநொடிக்கு 14.4 ஆம்பியர் ஆகிவிடுகிறது.

ஆகவே ஒவ்வொரு சுருளிலும் நடுக்கம்பியையும் ஒரு முனையையும் டிரைவரில் இணைத்து, மற்ற முனையைத் தனியே காப்பிட்டு விடுங்கள். நிற்கும்போது தாங்கும் முறுக்குவிசை சற்றுக் குறையும். செதுக்கும் மேசைக்கு ஓடும்போது கிடைக்கும் விசைதான் முக்கியம். டிரைவருக்கு டிஎம்542 வகை சரியாக இருக்கும்: 20 முதல் 50 வோல்ட், உச்சம் 4.2 ஆம்பியர். அதன் மேலுள்ள அட்டவணையில் உச்ச அளவு, ஆர்எம்எஸ் (வெப்பத்தைக் கணக்கிட உதவும் பயனுறு அளவு) என இரு நிரல்கள் இருக்கும். சீட்டில் உள்ள 2 ஆம்பியரை ஆர்எம்எஸ் நிரலோடுதான் ஒப்பிட வேண்டும். 2.84 உச்சம் என்ற வரிசை 2.03க்குச் சமம், முதலில் அதற்கு அடுத்துக் குறைவான 2.37 உச்சத்தில் தொடங்குங்கள். டிபி6600 என்று விற்கப்படும் மலிவான பெட்டிகள் சிலவற்றில் டிபி67எஸ்109 சிப்தான் இருக்கிறது. வெளியில் அச்சிட்ட 4 ஆம்பியரை நம்பி அவற்றை வாங்க வேண்டாம்.

மறுமொழி 3:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கம்பிகளை மாற்றும்முன் சப்ளையை அணைத்து, டிரைவரின் விளக்கு அணையும்வரை காத்திருங்கள். ஓடும்போது மோட்டார் கம்பி ஒன்று கழன்றால் சுருளில் எழும் மின்னழுத்தம் டிரைவரைக் கொன்றுவிடும்; ஸ்குரூ சரியாக இறுக்கப்படாத ஒரு கனெக்டரால் நான் இரண்டு ஏ4988களை இழந்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:

அரைச்சுருள் இணைப்பு, டிஎம்542, 36 வோல்ட் சப்ளை ஆகியவற்றோடு ஓட்டிப்பார்த்தேன். 2.37 அமைப்பில் நிமிடத்துக்கு 1500 மில்லிமீட்டர் வரை ஒரு ஸ்டெப்கூடத் தவறவில்லை. அரைமணி நேரத்துக்குப் பின் மோட்டாரின் உடல் சூடாக இருந்தாலும் கை வைக்க முடிகிறது. 2000இல் முடுக்கத்தைக் கூட்டினால் மட்டும் எக்ஸ் அச்சு தவறுகிறது. மேசையின் எடை அந்தப் பக்கம்தான் அதிகம் என்பதால் 1500லேயே விட்டுவிட்டேன்.