‘ஷாம்பிள்ஸ்’ என்பதை அமளி என்று எழுதலாமா?

கேள்வி:
ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கியபோது, ஒரு திட்டம் ‘ஷாம்பிள்ஸ்’ ஆகிவிட்டது என்று வந்த இடத்தில் ‘அமளியில் முடிந்தது’ என எழுதினேன். படித்துப் பார்த்த நண்பர், “அங்கே யாரும் கூச்சலிடவே இல்லையே?” என்று கேட்டுவிட்டார். அகராதியைப் புரட்டினால் குழப்பம் என்பதோடு இறைச்சிக்கூடம் என்றும் பொருள் போட்டிருக்கிறது. இரண்டுக்கும் என்ன தொடர்பு? இச்சொல் ஒருமையா, பன்மையா?

மறுமொழி 1:
இதன் மூலம் சிறு பலகையைக் குறித்த ஓர் இலத்தீன் சொல். பழைய ஆங்கிலத்தில் அது இருக்கையையும் மேசையையும் குறித்து, பின்னர் இறைச்சியைப் பரப்பி விற்கும் பலகைக்கும், அத்தகைய பலகைகள் வரிசையாக இருந்த கடைத்தெருவுக்கும் பெயராயிற்று. இங்கிலாந்தின் யார்க் நகரில் இப்பெயரிலேயே ஒரு குறுகலான தெரு உண்டு. இறைச்சியைத் தொங்கவிட்ட கொக்கிகளையும் சன்னலடியில் நீண்டிருக்கும் அகலமான பலகைகளையும் அங்குள்ள சில பழைய கட்டடங்களில் இன்றும் காணலாம். கடைத்தெருவிலிருந்து கால்நடைகளை வெட்டும் கொட்டிலுக்கும், அதிலிருந்து மனிதர்கள் வெட்டுண்டு கிடக்கும் களத்துக்கும் பொருள் நகர்ந்தது. இரத்தவாடை நீங்கி வெறும் சீர்குலைவைக் குறிக்கத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டில்தான். வடிவம் பன்மையாக இருந்தாலும், இப்பொருளில் பெரும்பாலும் ஒருமையாகவே ஆள்கிறார்கள்.

மறுமொழி 2:
நண்பர் சொன்னதே சரி. அமளிக்கு நேரான சொல் ‘பெட்லம்’. இலண்டனில் 1247இல் பெத்லகேமின் பெயரால் நிறுவப்பட்ட துறவியர் மடம் பிற்காலத்தில் மனநல மருத்துவமனையாக மாறியது. பேச்சுவழக்கில் பெத்லகேம் தேய்ந்து பெட்லம் ஆனது. அங்கிருந்தோரை வெளியார் வேடிக்கை பார்க்க வந்து போன காலமும் இருந்தது என்பதால், அச்சொல்லை எழுதும்போது எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கும். அது காதுக்குரிய குழப்பம்; ‘ஷாம்பிள்ஸ்’ கண்ணுக்கும் நிருவாகத்துக்கும் உரியது. அலங்கோலம், சீர்குலைவு ஆகியவை பொருந்தும்.

மறுமொழி 3:
நம் களேபரமும் ஏறக்குறைய இதே வழியில் வந்ததுதான். வடமொழியில் உடலையும் பிணத்தையும் குறித்த அச்சொல்லை இன்று திருமண வீட்டுப் பரபரப்புக்குக்கூடத் தயங்காமல் சொல்கிறோம். ஆயினும் அதில் ஆரவாரம் கலந்திருப்பதால் உங்கள் தொடருக்கு உதவாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. ‘திட்டம் அலங்கோலமாகிவிட்டது’ என்று திருத்திவிட்டேன். களேபரத்தை வேறோர் இடத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.