ஆராய்ச்சி விமானம், செயற்கைக்கோள், மேல்வளி: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

வடகாற்று:
ஓசோன், மேகம், மேல்வளி வேதியியல் பக்கம் வேலை பார்த்தவர்கள், சும்மா பக்கத்தில் நின்று பார்த்தவர்கள், யாரும் எழுதலாம். நானே தொடங்குகிறேன்.

2000 ஜனவரி, சுவீடனின் கிருனா. நாசாவின் ஈஆர்-2 விமானம், வடதுருவப் பக்கத்து ஓசோன் இழப்பை ஆராயும் சோல்வ் ஆய்வுக்காக வந்து நின்ற நேரம். ஈஆர்-2 பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம்: யூ-2 உளவு விமானத்தின் தம்பி, ஒற்றை ஆள், அழுத்த உடை, 20 கிலோமீட்டர் உயரம். எனக்குத் தரையில்தான் வேலை. அது இறங்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இறக்கை நுனியில் சக்கரம் இருக்காது. கிளம்பும்போதே கழன்று விழுந்திருக்கும். பின்னாலேயே ஒரு கார் துரத்திக்கொண்டு வந்து, தரைக்கு இன்னும் எத்தனை அடி என்று ரேடியோவில் சொல்லும். நின்றதும் ஒரு இறக்கை சாய, எதிர்ப்பக்க இறக்கையைப் பிடித்து ஆட்கள் தொங்கிச் சமன் செய்வார்கள். அப்புறம்தான் சக்கரத்தை மாட்ட முடியும்.

அன்று அப்படித் தொங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் திடீரென்று மேலே பார்த்தார். தரையில் இருட்டிவிட்டது. மேலே மட்டும் முத்துச்சிப்பி மேகங்கள், ரோஜா, பச்சை, ஊதா எல்லாம் கலந்து எரிந்துகொண்டிருந்தன. எல்லோரும் கேமராவைத் தேடி ஓடினார்கள், நானும்தான். மைனஸ் 80 டிகிரி பக்கத்தில் உருவாகும் அந்த மேகத் துகள்களின் மேல்தான் சும்மா கிடந்த குளோரின் விழித்துக்கொள்கிறது. வெயில் திரும்பியதும் ஓசோனைத் தின்கிறது. அதைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

இத்தனைக்கும் அண்டார்டிக் ஓசோன் ஓட்டையை நாசாவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் முதலிலேயே பார்த்தும், தப்பான எண் என்று கம்ப்யூட்டர் குப்பையில் போட்டது எல்லோருக்கும் தெரிந்த கதை.

உப்புக்காற்று:
நான் டிசி-8 ஆள், நாசாவின் பறக்கும் ஆய்வுக்கூடம் அது. ஏடாம் என்ற காற்று அளவெடுப்புப் பயணம், 2016 முதல் 2018 வரை நான்கு பருவங்களில் நடந்தது. பசிபிக் வழியாகத் தெற்கே, அட்லாண்டிக் வழியாக வடக்கே. 12 கிலோமீட்டர் ஏறு, கடலுக்கு 150 மீட்டர் மேலே வரை இறங்கு, மறுபடி ஏறு. பத்து மணி நேரம் இதே வேலை. பக்கத்து இருக்கைக்காரர் ஒரு கையில் வாந்திப் பை, மறு கையில் வால்வு என்று உட்கார்ந்திருப்பார், அளவெடுப்பது மட்டும் நிற்காது.

ஆனால் எனக்கு ஒட்டிக்கொண்டது மேலே நடந்தது. வெப்பமண்டலப் பசிபிக், உச்சி உயரம், சன்னலில் சுத்தமான நீலம். பக்கத்தில் ஊர் இல்லை, கப்பல் இல்லை. துகள் எண்ணும் கருவியின் திரையில் எண் ஏறுகிறது, ஏறிக்கொண்டே போகிறது. சில நானோமீட்டர் அளவுள்ள பொடித் துகள்கள். கருவிதான் உளறுகிறது என்று ஒருவர் குழாய் இணைப்பை எல்லாம் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. இடிமேகங்கள் பழைய தூசியைக் கழுவிவிட்டு, வாயுக்களை மட்டும் மேலே தள்ளுகின்றன. அங்கே அவை புதுத் துகளாகப் பிறக்கின்றன. அவையே மெல்ல இறங்கி, வளர்ந்து, கீழே இன்னொரு மேகத்துக்கு விதை ஆகின்றன. படித்திருந்தேன். ஆனாலும் அந்தத் திரையைப் பார்த்தபோது வாய் அடைத்துப்போனது.

டிசி-8 2024-ல் ஓய்வு பெற்று, ஐடஹோவில் கல்லூரிப் பிள்ளைகள் படிக்கப் போய்விட்டது.

கொடி_எண்:
வடகாற்று, நீங்கள் சொன்ன கம்ப்யூட்டர் கதை எனக்கு ஆகவே ஆகாது. யாரும் குப்பையில் போடவில்லை. 180 டாப்சனுக்கு (ஓசோனை அளக்கும் அலகு) கீழே வந்த அளவுகளுக்கு 'சந்தேகம்' என்று கொடி போட்டார்கள், அவ்வளவுதான். அண்டார்டிகா மேல் கொடிகள் குவிவதை 1984-லேயே நாசா ஆட்கள் கவனித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த தென்துருவத் தரைக்கருவியோ 300 என்று காட்டியது. பிற்பாடு தெரிந்தது, தப்பு தரைக்கருவியில். அதைத் தீர்ப்பதற்குள் அண்டார்டிகாவில் பிரிட்டனின் ஹாலி தளத்து அளவுகளை வைத்து ஃபார்மன் குழு 1985 மே மாதம் ஓசோன் ஓட்டைக் கட்டுரையை வெளியிட்டுவிட்டது. நாசா குழுவின் பி.கே. பார்த்தியா ஆகஸ்டில் பிராக் மாநாட்டில் செயற்கைக்கோள் படத்தைக் காட்டினார். முந்திக்கொண்டது ஹாலிதான், மறுக்கவில்லை. எறிந்தார்கள் என்பது மட்டும் பொய்.

ஏன் இவ்வளவு சூடாகிறேன் என்றால், எனக்கே அது நேர்ந்தது. 2022 ஜனவரி 15 டோங்கா எரிமலை. ஆரா செயற்கைக்கோளில் நீராவி, ஓசோன் எல்லாம் அளக்கும் எம்எல்எஸ் கருவியின் தரவை இறக்கினேன். சந்தேகமான எண்களை ஒதுக்கும் வழக்கமான தர வடிகட்டியைப் போட்டால் எரிமலைப் புகைத்திரள் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஓட்டை. வடிகட்டியை எடுத்தால் நீராவி நூற்றுக்கணக்கான பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அந்த உயரத்தில் சாதாரணமாக நான்கைந்துதான் இருக்கும்! மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். சுமார் 15 கோடி டன் நீராவி அடுக்கு மண்டலத்துக்குப் போயிருந்தது, அங்கே ஏற்கெனவே இருந்ததில் பத்தில் ஒரு பங்கு. கொடி விழுந்த எண்களில்தான் மொத்த விஷயமும் இருந்தது.

வடகாற்று:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் கொடிகளை ஒரு வருடம் முன்பே உரக்கச் சொல்லியிருக்கலாம்.

கொடி_எண்:
தரைக்கருவி 300 என்று சொல்லும்போது நீங்கள் சொல்லியிருப்பீர்களா?

மீனா_சாளக்கிராமம்:
நான் விஞ்ஞானி இல்லை. 2017 ஆகஸ்ட், குடும்பத்தோடு முக்திநாத் யாத்திரை. மழையில் பொக்காரா விமானம் தாமதம், காட்மாண்டு விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம். ஓடுபாதையில் ஒரு வினோத விமானம் உருண்டு போனது. நீண்ட இறக்கை, பின்னால் இரட்டை வால், ஒற்றை ஆள். என் மாமியார், "இதிலயா நம்ம போகப் போறோம்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு தேடிப் பார்த்தேன். ரஷ்ய ஜியோஃபிசிகா, ஐரோப்பிய ஸ்ட்ராட்டோகிளிம் ஆய்வு. பருவமழை மேகங்களின் உச்சிக்கு மேல், 20 கிலோமீட்டர் வரை பறந்ததாம். மழைக்காலத்தில் ஆசியா மேல் 13 முதல் 18 கிலோமீட்டரில் ஒரு மெல்லிய துகள் படலம் இருப்பதை காலிப்சோ செயற்கைக்கோள் ஏற்கெனவே காட்டியிருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனவர்களுக்குக் கிடைத்தது அம்மோனியம் நைட்ரேட். அம்மோனியா தண்ணீரில் உடனே கரையும், மழையே கழுவிவிடும் என்றுதான் நினைப்போம். அப்படியும் மிச்சம் மேலே போயிருக்கிறது. அந்த அம்மோனியாவில் பெரும்பங்கு வயல், மாட்டுக்கொட்டில் சமாசாரம்.

என் அப்பா யூரியா வீசிய நாளில் வீட்டுத் திண்ணை வரை அந்த நெடி வரும், கண் கரிக்கும். அது எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

நஞ்சைக்காரன்:
நான் பார்த்தது மேல்வளிக் காற்றை ஆராயும் காதங்கி எம்எஸ்டி ராடார் மட்டும். திருப்பதி போகிற வழியில் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். 1024 ஆன்டெனா. அவ்வளவுதான்.

சகோதரி, உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள். நெடி வருகிறது என்றால் காசு காற்றில் போகிறது என்று அர்த்தம். நண்பகல் வெயிலில், தேங்கிய தண்ணீரில் யூரியாவை வீசவே கூடாது. தண்ணீரை வடித்து, சேறு பதமாக இருக்கும்போது சாயங்காலம் போட வேண்டும். யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கு 5:4:1 என்ற கணக்கில் கலந்து, ஒரு ராத்திரி வைத்திருந்து, மறுநாள் இட வேண்டும். வேளாண் பல்கலைக்கழகமே சொல்வது. 2015-க்குப் பிறகு வேம்பு பூசிய யூரியாதான் வருகிறது என்று சிலர் புண்ணாக்கை விட்டுவிடுகிறார்கள், நான் விடுவதில்லை. களர் நிலம் என்றால் இழப்பு இன்னும் அதிகம், மண்ணைச் சோதித்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் இலை வண்ண அட்டை வாங்குங்கள். இலை வெளுத்தால் மட்டும் போடுங்கள். பக்கத்து வயல்காரன் போட்டான் என்று போட்டால் புகையான் பூச்சிதான் வந்து சாப்பிடும்.

உப்புக்காற்று:
அண்ணே, இது மேல்வளித் திரி.

நஞ்சைக்காரன்:
கீழேயிருந்துதானே தம்பி மேலே போகிறது.

மீனா_சாளக்கிராமம்:
அண்ணா, அப்பா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். குத்தகைக்காரரிடம் சொல்கிறேன். கொடி_எண் சார், அந்த டோங்கா நீராவி இறங்கிவிட்டதா?

கொடி_எண்:
சீக்கிரம் இறங்காதும்மா, அங்கே கழுவ மழை கிடையாது. துருவப் பக்கம் நகர்ந்து வருடக்கணக்கில் மெல்லத்தான் குறையும். ஆரா 2004-ல் ஏவியது, அதற்கும் வயசாகிவிட்டது. எது முதலில் தீரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.