புதுப்பிப்பு: 12 வோல்ட் பம்ப்பை ஓட்டும் மாஸ்ஃபெட் சூடானது சரியாகிவிட்டது

உதவிய எல்லோருக்கும் நன்றி. ஆர்டுயினோ (புரோகிராம் செய்யும் சின்ன கன்ட்ரோல் போர்டு) 5 வோல்ட் பின்னிலிருந்து நேராக ஓட்டிய ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) ஏன் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கிறது என்று கேட்டிருந்தேன். கேட் (மாஸ்ஃபெட்டை ஆன், ஆஃப் செய்யும் கால்) வோல்டேஜைப் பாருங்கள் என்று சொன்னவர் சொன்னதுதான் சரி. டேட்டாஷீட்டில் ஆன் ஆகும்போதுள்ள ரெசிஸ்டன்ஸ் என்று போட்டிருக்கும் 17.5 மில்லி ஓம், கேட்டுக்கு 10 வோல்ட் கொடுத்தால்தான் கிடைக்கும்; 5 வோல்ட்டில் முழுசாக ஆன் ஆகாமல் சூடாகிறது. நான் 49 ஆம்பியர் என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்கியிருந்தேன். அதற்குப் பதில் ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட் போட்டேன், கால் வரிசை அதேதான், 5 வோல்ட்டிலேயே 25 மில்லி ஓம். அரை மணி நேரம் ஓடியும் விரல் வைத்தால் லேசான வெதுவெதுப்புதான்.

எதிர்பாராதது ஒன்று: பழையதைக் கழற்றும்போது பம்ப்புக்குக் குறுக்கே இருந்த டையோடின் ஒரு கால் சால்டர் விட்டு ஆடிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் பம்ப் ஆஃப் ஆகும்போது அதன் மோட்டாரிலிருந்து திடீரென எகிறி வரும் வோல்டேஜ் புது மாஸ்ஃபெட்டையும் அடித்திருக்கும். அங்கே 1என்5822 டையோடு போட்டேன், அப்புறம் பின் சிக்னல் இல்லாதபோது மாஸ்ஃபெட் ஆஃபிலேயே இருக்க, கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்.