கழிவைக் கொடுத்துவிட்டால் பொறுப்பும் போய்விடுமா?

கேள்வி: திருவொற்றியூர் வாசகர்

என் மாமா மணலி அருகே ஒரு சிறிய குரோம் முலாம் பட்டறை நடத்துகிறார். கணக்குவழக்கை நான் பார்க்கிறேன். தொட்டி மாற்றும்போது மிஞ்சும் மஞ்சள் நிற ஆசிட் தண்ணீரை நீலப் பீப்பாய்களில் பிடித்து வைத்து, இரவில் வரும் டேங்கர்காரரிடம் கொடுத்துவிடுகிறோம். ரசீது கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு எடுத்துப் போகிறவர் அவர் என்பதால், எங்கே கொட்டினாலும் பாவம் அவரையே சேரும் என்கிறார் மாமா. எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் கருத்து என்ன?

பதில் 1: எண்ணூர்

சட்டப்படி உங்கள் மாமாவின் வாதம் நிற்காது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, கழிவை உண்டாக்குகிறவரே அதை உரிய ஆவணத்துடன் அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும். கும்மிடிப்பூண்டியில் அப்படியொரு இடம் இருக்கிறது. அறம் என்று பார்த்தாலும், டேங்கர்காரர் ஏன் அவ்வளவு மலிவாக எடுத்துப் போகிறார் என்பது உங்கள் மாமாவுக்குத் தெரியாமல் இருக்காது. கேள்வி கேட்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் அந்த விலை.

பதில் 2: ராயபுரம், லேத் பட்டறைக்காரர்

பேசுவது எளிது. உருப்படிக்கு இவ்வளவுதான் என்று கூலியை நெருக்குகிற பெரிய கம்பெனி, கழிவுச் செலவு என்று ஒரு வரியைப் பில்லில் சேர்த்தால் மறுநாளே வேறு பட்டறைக்குப் போய்விடுகிறது. அதே கம்பெனி, சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் சொல்லும் 2 சதவீத லாபத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு வாங்கிக் கொடுத்துப் படமும் எடுத்துக்கொள்ளும். அந்த லாபம் யாருடைய கூலியில் மிச்சம் பிடித்தது என்பதையும் கேட்க வேண்டாமா?

பதில் 3: காட்டுக்குப்பம்

கேட்க வேண்டியதுதான், ஆனால் நாங்கள் மீன் பிடிக்கும் எண்ணூர் கழிமுகத்துக்கு வந்து சேரும் தண்ணீரில் பெரியவர் ஆசிட், சின்னவர் ஆசிட் என்று பிரித்துப் பார்க்க முடியாது. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை வாளியால் அள்ளினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகும் வலையும் கறுத்தபோது, அதற்குப் பொறுப்பானவர்கள் மழையைக் காரணம் காட்டினார்கள். டெல்லியில் 1985இல் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், அபாயகரமான தொழில் நடத்துகிறவர் இயற்கைச் சீற்றத்தைச் சாக்காகச் சொல்லித் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆனாலும் இழப்பீடு வருவதற்குள் இறால் செத்துவிடுகிறது.

பதில் 4: எண்ணூர்

ராயபுரம் நண்பர் சொல்லும் நெருக்கடி உண்மையே. பக்கத்துப் பட்டறைகள் சேர்ந்து ஒரே லாரியில் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பினால் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். கணக்கு உங்கள் கையில்தானே இருக்கிறது. அந்தத் தொகையைப் போட்டு மாமாவிடம் காட்டுங்கள்.