மினிஃபை என்பதற்குச் ‘சுருக்கு’ போதாது: ‘குறுக்கு’ என ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். வலைத்தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில், தளத்தை விரைவாக்கும் துணைநிரல்களான வேகச் செருகுநிரல்களின் அமைப்புப் பக்கங்களைத் தமிழாக்கும் பணியில் ஓர் இடத்தில் எல்லோருமே தடுக்கி நிற்கிறோம். மினிஃபை (நிரல்கோப்பில் தேவையற்ற எழுத்துகளை நீக்குவது) என்று வந்தாலும் ‘சுருக்கு’, கம்ப்ரெஸ் (கோப்பை இறுக்கிக் கட்டி அனுப்புவது) என்று வந்தாலும் ‘சுருக்கு’, படங்களின் அளவைக் குறைக்கும் பொத்தானுக்கும் ‘சுருக்கு’. போதாக்குறைக்கு, பதிவின் முன்னோட்ட வரிகளுக்கும் ‘சுருக்கம்’ என்றே போட்டிருக்கிறோம். ஒரே திரையில் ஒரே சொல் நான்கு வேலையைச் சுட்டினால் படிப்பவர் எதைத் தொடுவது?

இந்தப் பக்கங்களைத் திறப்பவர் பெரும்பாலும் நிரலர் இல்லை என்பதை மறக்கக் கூடாது. எல்லா வசதியும் கொண்ட பெரிய வார்ப்புரு (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தொகுப்பு) ஒன்றை நிறுவித் தளம் கட்டியிருப்பார். நகரும் படவரிசை, சின்னங்களுக்கென்று தனி எழுத்துரு, தொடர்புப் படிவம், பக்கம் கட்டும் கருவி என்று அதில் எல்லாம் இருக்கும். ஒரு பக்கத்தில் படவரிசையே இல்லாவிட்டாலும் அதற்கான சிஎஸ்எஸ்ஸும் (தோற்ற விதிகள்) ஜாவாஸ்கிரிப்டும் (இயக்கும் நிரல்) அந்தப் பக்கத்தோடு சேர்ந்தே இறங்கும். தளம் தவழ்கிறது. யாரோ சொன்னார்கள் என்று வேகச் செருகுநிரல் ஒன்றைப் போடுகிறார். அங்கே வரிசையாகப் பொத்தான்கள். அவருக்கு உதவ அந்தப் பொத்தானில் உள்ள சொல்லைத் தவிர வேறு எதுவும் இல்லை.

ஆகவே சொல்லைத் தேடுமுன் வேலையைப் பார்ப்போம். என் பார்வையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: குறைத்தது திரும்பி வருமா?

ஜிசிப், புரோட்லி என்ற கம்ப்ரெஸ் முறைகள் இரண்டும் செய்வதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தளத்தை வைத்திருக்கும் வழங்கி ஒரு கோப்பை இறுக்கிக் கட்டி அனுப்புகிறது. உலாவி பெற்றதும் அவிழ்க்கிறது. அவிழ்த்தபின் ஒரு பைட்டுகூட மாறாமல் அதே கோப்பு. எழுத்தாலான கோப்புகள் இதில் பாதிக்கும் கீழே இறங்குவது சாதாரணம். இதற்கு ‘இறுக்கு’ என்று போடலாம், அவிழ்க்கும் வேலைக்குத் ‘தளர்த்து’. ஒலி பற்றிய இயற்பியல் பாடத்தில் இறுக்கம் என்று படித்தவர்களுக்குச் சொல் புதிதும் இல்லை. ‘தரவுச் சுருக்கம்’ ஏற்கெனவே நிலைத்துவிட்டதே என்று இழையில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். கட்டுரையில் அது இருக்கட்டும். பொத்தானில் மட்டும் ‘இறுக்கு’ வரட்டும் என்பதே என் வேண்டுகோள்.

மினிஃபை வேறு வகை. ஒரு சிஎஸ்எஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். எழுதியவர் தம் வசதிக்காக ஒவ்வொரு விதியையும் தனி வரியில், முன்னால் இடம் விட்டு எழுதியிருப்பார். ‘இது மேல் பட்டைக்கு’ என்று குறிப்பு எழுதியிருப்பார். வெள்ளை நிறத்தைச் சொல்ல ஆறு எஃப் போட்டிருப்பார். பூச்சியம் பிக்சல் என்று முழுதாக எழுதியிருப்பார். குறுக்கும் நிரல் இந்தக் கோப்பைத் தொட்டதும் குறிப்புகள் போய்விடும், வரிகள் ஒட்டிக்கொள்ளும், ஆறு எஃப் மூன்றாகும், பூச்சியத்துக்குப் பின்னால் இருந்த பிக்சல் உதிரும், கடைசி விதிக்குப் பின்னால் இருந்த அரைப்புள்ளியும் உதிரும். ஜாவாஸ்கிரிப்ட் என்றால் செயற்கூற்றுக்குள் இருக்கும் நீளமான மாறிப் பெயர்கள் ஓரெழுத்தாகும். உலாவிக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் போன குறிப்புகளை உலாவியால் திரும்ப வரவழைக்க முடியாது, அதற்கு அவை தேவையும் இல்லை. மூலக்கோப்பு வழங்கியில் அப்படியே இருப்பதால் நமக்கும் இழப்பில்லை.

இதற்குத்தான் ‘குறுக்கு’, ‘குறுக்கம்’, ‘குறுக்கிய கோப்பு’ என்று முன்மொழிகிறேன். நம் இலக்கணத்தில் குறுக்கம் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே துல்லியமான வேலை இருக்கிறது. ‘தலைவன்’ என்பதில் லை எழுத்தில் குறையாமல் நிற்கிறது. ஒலிக்கும்போது மட்டும் ஐகாரத்தின் இரண்டு மாத்திரை ஒன்றாகக் குறைகிறது. பொருள் துளியும் மாறவில்லை. செய்யுள் விகாரங்களில் வரும் குறுக்கலும் அப்படித்தான்: தீயேன் என்பது தியேன் ஆனாலும் சொல்பவரின் கருத்து அதேதான். அளவு குறைய வேண்டும், பயன் குறையக் கூடாது. மினிஃபைக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மறுப்புகள் வந்தன. ஒன்று, இங்கே எழுத்துகளே நீங்குவதால் ‘இடைக்குறை’தானே சரி என்பது. ஓந்தி ஓதி ஆவதுபோல் என்று எடுத்துக்காட்டும் தந்திருந்தார்கள். யோசிக்க வேண்டிய மறுப்புதான். ஆனால் உலாவியின் பார்வையில் நீங்கிய வெற்றிடங்கள் எழுத்தே இல்லை. வெற்றிடம் பொருள் தரும் இடங்களும் உண்டு. சிஎஸ்எஸ்ஸில் அளவுகளைக் கணக்கிடும் கால்க்கில் கூட்டல் குறியின் இருபக்கமும் இடம் இருந்தே ஆக வேண்டும். அங்கே நல்ல நிரல் கை வைக்காது. கைவைத்தால் அது பிழை, குறுக்கம் இல்லை. மேலும் ‘இடைக்குறை’யை வினையாக்கிப் பொத்தானில் போடவே முடியாது.

மற்றொன்று, ‘குறுக்கு’ என்றதும் குறுக்கும் நெடுக்கும், குறுக்குவழி என்று மனம் போகும் என்பது. தனியாக நின்றால் போகலாம். ‘சிஎஸ்எஸ் கோப்புகளைக் குறுக்கு’ என்று செயப்படுபொருளோடு எழுதினால் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. அமைப்புப் பக்கத்தில் இத்தகைய பொத்தான்கள் பெரும்பாலும் ஒற்றைச் சொல்லில் நிற்பதில்லை.

அப்புறம் படங்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். ஜேபெக் படத்தின் அளவைக் குறைக்கும்போது உண்மையிலேயே படத்தில் இருந்த விவரம் போகிறது. சில செருகுநிரல்கள் மூலப்படத்தின் மேலேயே எழுதிவிடும். ‘சுருக்கு’ என்பதை ஜிசிப் மாதிரி எண்ணி மறுபடி மறுபடி அழுத்துபவரின் படங்கள் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கெடும். பின்னர் மீட்க வழியில்லை. எனவே பொத்தானிலேயே இழப்பு தெரிய வேண்டும். ‘தரம் குறைத்து மெலிதாக்கு’ என்று போடலாம். நீளம்தான், இருந்தாலும் இங்கே நீளத்தைப் பார்க்கக் கூடாது. தரம் குறையாத வகைக்குத் ‘தரம் குறையாமல் மெலிதாக்கு’. ஜேபெக், பிஎன்ஜி, வோஃப்2 எழுத்துரு ஆகியவை ஏற்கெனவே இறுக்கப்பட்டவை; அவற்றை ஜிசிப்பில் போட்டுப் பயனில்லை. இந்த உதவிக்குறிப்பைக்கூட மூன்று தனிச்சொற்கள் (இறுக்கு, குறுக்கு, மெலிதாக்கு) இருந்தால்தான் தெளிவாக எழுத முடியும்.

பயன்படாத சிஎஸ்எஸ்ஸை நீக்கும் வசதிக்குக் ‘களை’ என்றே போடலாம். கனமான வார்ப்புருவில் பெரிய ஆதாயம் இங்கேதான் கிடைக்கும். ஜிசிப் இயங்கும் தளத்தில் குறுக்குவதால் வரும் கூடுதல் லாபம் சிறிதுதான்; வெற்றிடத்தையும் திரும்ப வரும் சொற்களையும் ஜிசிப்பே நன்றாக இறுக்கிவிடுகிறது. களைவதில் ஆபத்தும் அதிகம். அழுத்தினால் மட்டும் விரியும் பட்டிக்கான விதிகள், பக்கம் ஏறும்போது யாரும் அழுத்தாததால், பயனற்றவை போலத் தெரியும். கருவி அவற்றைக் களைந்துவிட்டால் கைப்பேசியில் பட்டி உருக்குலைந்து நிற்கும். ‘களைந்தபின் பட்டிகளையும் படிவங்களையும் திறந்து பார்க்கவும்’ என்று ஒரு வரி சேர்ப்போம்.

‘இணை’ என்பதில் விவாதமே தேவையில்லை. பல கோப்புகளை ஒன்றாக்குவது, அவ்வளவுதான். எச்டிடிபி/2 2015இல் தரமானபின் ஒரே இணைப்பில் பல கோப்புகள் ஒன்றாகவே வருவதால் அதன் தேவையும் குறைந்துவிட்டது. கட்டிய பக்கத்தை வழங்கியில் சேமித்துவைக்கும் கேஷுக்குத் ‘தேக்ககம்’ என்று முன்பே முடிவு செய்தோம். அதை மாற்ற வேண்டாம். ஒன்றை மட்டும் விளக்கத்தில் சேர்க்கலாம்: தேக்ககம் வழங்கியின் வேலையைத்தான் மிச்சப்படுத்துகிறது. ஒவ்வொரு வருகைக்கும் பிஎச்பி நிரல் ஓடி, தரவுத்தளத்தைக் கேட்டுப் பக்கம் கட்டுவதற்குப் பதில் கட்டிவைத்த பக்கத்தை எடுத்துத் தருகிறது. வார்ப்புரு அனுப்பும் மூட்டை அதனால் குறையாது. தேக்ககம் போட்டும் தளம் மெதுவாக இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மிச்சம் இருப்பது, ஜாவாஸ்கிரிப்ட் எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் டிஃபர், அசிங்க் இரண்டும். டிஃபர் என்றால் ஜாவாஸ்கிரிப்ட் பின்னணியில் இறங்கி, எச்டிஎம்எல் முழுதும் படிக்கப்பட்டபின், எழுதிய வரிசையிலேயே ஓடும். அசிங்க் என்றால் வந்த உடனே ஓடும், வரிசை கிடையாது. முன்னதற்கு ‘ஒத்திவை’ சரி. பின்னதற்கு ‘ஒத்திசையா’ என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். ‘ஒத்திவை’, ‘ஒத்திசையா’ இரண்டும் ஒரே திரையில் அருகருகே வந்தால் அவசரத்தில் மாறிப்போகும். ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தொகுப்பை நம்பி ஓடும் வார்ப்புருவில் மாற்றி அழுத்தினால் படவரிசை அப்படியே நின்றுவிடும். ‘வந்ததும் இயக்கு’ என்று போட்டால் என்ன? இதற்கும் ‘குறுக்கு’க்கும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். மறுப்பு இருந்தால் அந்தப் பொத்தான் செய்யும் வேலையைச் சொல்லி மறுத்தால் முடிவெடுக்க எளிதாக இருக்கும்.

அன்புடன்.