வீட்டில் இருக்கும் கடை எஸ்பிரெஸ்ஸோ மெஷினுக்கு என்ன தண்ணீர் விடுவது?
வணக்கம் நண்பர்களே. பெங்களூரு அல்சூரில் மூடிய ஒரு காபிக் கடையிலிருந்து இரண்டு குரூப் (ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் காபி இறக்கும்) எஸ்பிரெஸ்ஸோ மெஷினை வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். 9 பார் அழுத்தத்தில் தேன் மாதிரி இறங்கும் முதல் ஷாட்டுக்காகவே எவ்வளவு பாடும் படலாம். 32 ஆம்ப் தனி லைன் இழுத்தாயிற்று, அது சரி.

பிரச்சினை தண்ணீர்தான். எங்கள் அபார்ட்மென்டில் போர்வெல் தண்ணீர்; கெட்டில் அடியிலேயே வெள்ளையாக உப்பு படிகிறது. பாய்லரில் படிந்தால் ஹீட்டர் போய்விடும். வெறும் ஆர்ஓ தண்ணீர் விட்டாலோ, தாது உப்பு குறைந்து லெவல் சென்சார் தண்ணீரையே உணராமல் போகலாம். தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் போதுமா, இல்லை அந்தத் தண்ணீரையும் ஆர்ஓ தண்ணீரையும் கலக்கவா?

அப்புறம், குரூப் ஹெட் (காபி இறங்கும் தலைப்பகுதி) ரப்பர் கேஸ்கெட் கல்லாக இறுகி ஓரத்தில் சொட்டுகிறது. வீட்டுக்கு வந்து மாற்றித்தரும் மெக்கானிக் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.